நண்பனின் வைத்தியத்துக்கு வீட்டை அடகு வைக்கலாமா?

கடிதத்தின் சுருக்கம்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 47. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. கல்லூரியில் கூடப் படித்த நண்பர் ஏற்காட்டில் சொந்தமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். போன வருடம் நண்பருக்கு உள் கன்னத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அறுவை சிகிச்சையும், பிறகு கீமோவோடு சேர்த்துக் கதிர்வீச்சும் நடந்தன. எல்லாம் முடிந்து ஐந்து மாதத்துக்குள் கழுத்தில் கட்டி வந்துவிட்டது. ஸ்கேனில் நுரையீரலிலும் புள்ளிகள். வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் காட்டியபோது நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியை, அதாவது உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்தை, எழுதியிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு முறைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், பலன் இருக்கும்வரை தொடர வேண்டும். காப்பீட்டு அட்டையில் இது வராது என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள்.

நண்பருக்கு மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள், எட்டாம் வகுப்பில் மகன். வேனுக்கு இன்னும் தவணை பாக்கி. வாசகர் தன் வீட்டை அடமானம் வைத்து இருபது லட்சம் வாங்கலாம் என்று நினைக்கிறார். வீடு அவர் பேரிலும் மனைவி பேரிலும் சேர்ந்து இருக்கிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. வேறு மூன்று யோசனைகளும் வைத்திருக்கிறார். தன் கம்பெனி குரூப் இன்சூரன்ஸில் நண்பரை அண்ணன் என்று சேர்ப்பது, வாட்ஸ்அப்பில் ஒருவர் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லும் ஊசியை வாங்குவது, இணையத்தில் நிதி திரட்டுவது. நண்பரோ "எனக்காகக் கடன் வாங்காதடா" என்று சொல்லிவிட்டு, இப்போது போனையே சரியாக எடுப்பதில்லையாம். "பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவனைக் கைவிட்டால் நான் மனுஷனா டாக்டர்?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களால் கொடுக்க முடிகிற தொகையை வைத்து உங்கள் நட்பை யாரும் அளக்கப்போவதில்லை, உங்கள் நண்பர் நிச்சயமாக அளக்கமாட்டார். ஆனால் கடிதம் முழுக்கப் பணத்தை எங்கே புரட்டுவது என்றுதான் இருக்கிறது. அந்தப் பணம் எதை வாங்கித் தரும் என்று எங்கேயும் நீங்கள் கேட்கவில்லை. புற்றுநோய் மருத்துவனாக நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த ஊசி என்ன செய்யும்

"இம்யூனோதெரபி போட்டால் முழுசா குணமாகிடும்னு சொல்றாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நண்பரின் நிலையில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அது சரியல்ல. வாய்ப் புற்று சிகிச்சை முடிந்த சில மாதங்களிலேயே திரும்பி, நுரையீரலுக்கும் போயிருந்தால், அதை முற்றிலும் ஒழிக்கும் மருந்து இன்று பொதுவாகக் கிடையாது. நோயைக் கட்டுக்குள் வைத்து, நாட்களைக் கூட்டி, அந்த நாட்களை வலி குறைவாகக் கழிக்க வைப்பதுதான் சிகிச்சையின் நோக்கம். இதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் இருபது லட்சம் கடனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிவோலுமாப் பற்றிய முக்கியமான ஆய்வு 2016-இல் வெளியானது. சிஸ்பிளாட்டின் வகை கீமோவுக்குப் பிறகும் திரும்பிய தலை, கழுத்துப் புற்று உள்ள 361 பேரிடம் நடந்தது. ஊசி போட்டவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர். வழக்கமான கீமோ எடுத்தவர்களில் 17 பேர். வித்தியாசம் உண்மையானது, மறுக்க முடியாது. ஆனால் அதே ஆய்வில் கட்டி கணிசமாகச் சுருங்கியது நூற்றுக்குச் சுமார் 13 பேருக்குத்தான். யாருக்குக் கேட்கிறதோ அவர்களில் சிலருக்கு நீண்ட நாள் கேட்கும். பலருக்குக் கேட்கவே கேட்காது. இரண்டையும் சேர்த்துத்தான் மனதில் வைக்க வேண்டும்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், என்னைவிட வேகமாகப் போட்டுப் பார்ப்பீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 26 ஊசி, 39 லட்சம். நீங்கள் வாங்க நினைக்கும் இருபது லட்சம் 13 ஊசியோடு முடிந்துவிடும். அதாவது ஆறு மாதம். மருந்து கேட்கவில்லை என்றால் பணம் போச்சு. கேட்டால் இன்னும் சிக்கல்: ஏழாவது மாதம் ஊசிக்கு என்ன செய்வீர்கள்?

இங்கேதான் உங்களுக்கு யாரும் சொல்லாத ஒரு செய்தி இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் நம்மூர் நிலைமையை மனதில் வைத்தே ஓர் ஆய்வு செய்தார்கள். 2022-இல் வெளியானது. 151 நோயாளிகள். எல்லோருக்கும் மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்ஸிப், எர்லோடினிப் என்று மூன்று மாத்திரைகள். பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக நிவோலுமாப், ஆனால் வெறும் 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை. வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் அளவு 240 மில்லிகிராம்; அதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் இது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 16 பேரும், ஊசியும் சேர்ந்தவர்களில் 43 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

இதை வைத்து முழு அளவு ஊசி வீண் என்று சொல்ல முடியாது. இந்த ஆய்வு இரண்டு அளவுகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் வீட்டை விற்காமல் எடுக்கக்கூடிய, சான்று உள்ள ஒரு வழி இருக்கிறது என்பது தெளிவு. ஊசி மருந்தின் செலவு எத்தனையோ மடங்கு குறையும். சில இடங்களில் ஒரே நாளில் இரண்டு நோயாளிகளை வரச் சொல்லி, சின்னக் குப்பி ஒன்றைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். அந்த மூன்று மாத்திரைகளும் விலை உயர்ந்தவை அல்ல. உங்கள் நண்பரின் கிட்னி, ஈரல், தைராய்டு நிலையைப் பார்த்துத்தான் இது ஒத்துவருமா என்று சொல்ல முடியும். அதைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் கேட்க வேண்டியது நீங்கள். "குறைந்த அளவு நிவோலுமாப், கூட மாத்திரை கீமோ, இவருக்குச் சரிவருமா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். எந்தப் புற்றுநோய் மருத்துவரும் இதற்குக் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம் பிடி-எல்1 பரிசோதனை. கட்டியில் இந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து, ஊசி கேட்கும் வாய்ப்பு கூடுதலா குறைவா என்று ஓரளவு ஊகிக்கலாம். இதற்குப் புதிதாகச் சதை எடுக்க வேண்டியதில்லை பெரும்பாலும். அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையின் நோயியல் பிரிவில் பழைய 'பிளாக்', அதாவது அப்போது எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டி, இருக்கும். எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். ஒன்றரை லட்சத்துக்கு ஊசி எழுதியவர்கள் இதைச் செய்தார்களா என்று கடிதத்தில் இல்லை.

எந்த அளவு எடுத்தாலும் முதல் இரண்டு, மூன்று மாதத்துக்கு மட்டும் திட்டம் போடுங்கள். அதன் பிறகு ஸ்கேன். சுருங்கியிருந்தாலோ அப்படியே நின்றிருந்தாலோ தொடரலாம். வளர்ந்திருந்தால் நிறுத்திவிட வேண்டும். "எப்போது நிறுத்துவோம்?" என்பதை முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரும் குடும்பமும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. அப்படிப் பேசாத குடும்பங்களில்தான் கடைசி வாரம்வரை ஊசிக்குக் கடன் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். நான் அடிக்கடி பார்க்கிற காட்சி இது.

வீட்டுப் பத்திரம்

வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். வீடு இருவர் பேரில் இருந்தால் மனைவிக்குத் தெரியாமல் முழு வீட்டையும் அடமானம் வைக்க வழியே இல்லை. வங்கி அவர் கையெழுத்தையும் கேட்கும். ஆகவே "அவளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்ற திட்டம் நடக்காது. நடந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவர் வீட்டையும்தானே வைக்கிறீர்கள்?

தவணை தவறி, வங்கி அதை வாராக் கடன் என்று வகைப்படுத்திவிட்டால், 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அதற்கு உண்டு. நண்பர் பேரில் கடன் வாங்கி நீங்கள் ஜாமீன் போடுவதும் பாதுகாப்பானது அல்ல. ஒப்பந்தச் சட்டத்தில் ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம். முதலில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்று வங்கிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. கடன் வாங்கியவர் இறந்துபோனாலும் ஜாமீன் நிற்கும்.

என் கருத்து இது: வீட்டைத் தொடாதீர்கள். உங்கள் சேமிப்பிலிருந்து, திரும்பி வராவிட்டாலும் உங்கள் குடும்பம் தாங்கும் ஒரு தொகையை மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஒரு லட்சமோ மூன்று லட்சமோ, அது உங்கள் விஷயம். அதைக் கடனாக இல்லாமல் அன்பளிப்பாகவே கொடுங்கள். நோயாளியிடம் புரோநோட்டு எழுதி வாங்கினால், அது பிறகு அவர் மனைவியின் தலையில்தான் விழும். இல்லை, கடனாகத்தான் தர முடியும் என்றால், இருபதாயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். மீறினால் அபராதம் வாங்கியவருக்கு விழும், அதுவும் வாங்கிய தொகை அளவுக்கே.

வரி விஷயத்தில் ஒரு நுணுக்கம். சட்டத்தின் கண்ணில் நண்பர் உறவினர் அல்ல. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் வரும் பணம் மொத்தம் ஐம்பதாயிரத்தைத் தாண்டினால், முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானமாகக் கணக்காகும். உங்கள் நண்பரின் வருமானத்துக்கு வரி வராமலே போகலாம். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து பல லட்சம் அவர் கணக்கில் போடுவதாக இருந்தால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முறையாகப் பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாக வரும் உதவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. இன்னொன்று, நண்பருக்குச் செய்யும் வைத்தியச் செலவைக் காட்டி உங்கள் வரியில் கழிவு கேட்க முடியாது. அது தனக்கும் தன்னைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் மட்டும்தான்.

இரண்டு யோசனைகளை இன்றே விட்டுவிடுங்கள்

குரூப் இன்சூரன்ஸில் 'அண்ணன்' என்று சேர்ப்பது மோசடி. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான குரூப் பாலிசிகளில் மனைவி, பிள்ளைகள், சிலவற்றில் பெற்றோர் என்று மட்டும்தான் சேர்க்க முடியும். உண்மையான அண்ணனுக்கே இடம் இருக்காது. ஆதார், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி என்று கேட்கும்போது முதல் க்ளெய்மிலேயே மாட்டிக்கொள்வீர்கள். வேலை போனால் நண்பருக்கு உதவப் போவது யார்? நோயை மறைத்து அவர் பேரில் புதுப் பாலிசி எடுப்பதும் இதே கதைதான்.

வாட்ஸ்அப் ஊசி இதைவிட ஆபத்து. 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. விலை உயர்ந்த இம்யூனோதெரபி மருந்துகளின் காலிக் குப்பிகளை வாங்கி, உள்ளே வேறு எதையோ நிரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். இந்த மருந்துகள் 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். குப்பி அசலாகவே இருந்தாலும், எந்தெந்தப் பார்சல் ஆபீஸில் எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? விலையைக் குறைக்க நேர்மையான வழி இருக்கிறது. புற்றுநோய் மருந்துகளில் அச்சிட்ட விலைக்கும் மருத்துவமனை வாங்கும் விலைக்கும் நிறைய இடைவெளி இருப்பது வழக்கம். கூச்சப்படாமல் பேரம் பேசுங்கள். "கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். குறிப்பிட்ட எண்ணிக்கை ஊசிகளை வாங்கினால் மீதியை இலவசமாகத் தரும் திட்டங்கள் சில மருந்துகளுக்கு உண்டு. மருத்துவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். எங்கே வாங்கினாலும் பேட்ச் எண் போட்ட பில் கையில் இருக்க வேண்டும்.

பணமும் வைத்தியமும் எங்கே கிடைக்கும்

"அட்டையில் வராது" என்ற பதிலை நீங்கள் "அரசாங்கத்தில் இனி ஒன்றும் இல்லை" என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. ஆனால் எந்தெந்த சிகிச்சை என்று பட்டியல் இருக்கிறது; அதில் இல்லாத மருந்துக்கு அனுமதி வராது. வராதது இந்த ஒரு ஊசி. மற்ற கீமோ, பரிசோதனைகள், படுத்து எடுக்கும் சிகிச்சை என்று பலவும் வரும். நடப்பு ஆண்டில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில், அதாவது நம்ம ஜி.எச்.சில், புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே எல்லா ரிப்போர்ட்டையும் காட்டி ஒரு கருத்து வாங்குங்கள். வெளியூர் போவதாக இருந்தால் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை ஆகியவற்றைச் சொல்வேன். அடையாறும் ஜிப்மரும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் இருக்கின்றன. அந்த அமைப்பு பல மருத்துவமனைகளுக்கும் சேர்த்து மொத்தமாக மருந்து விலை பேசுகிறது, அதனால் சில மருந்துகளின் விலை வெகுவாக இறங்கியிருக்கிறது. நான் மேலே சொன்ன குறைந்த அளவு முறையைப் பற்றி இங்கெல்லாம் பேசலாம், புதிதாக விளக்க வேண்டியிருக்காது.

நிதி உதவி என்று பார்த்தால் முதலமைச்சரின் பொது நிவாரண நிதி, பிரதமரின் தேசிய நிவாரண நிதி, மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள புற்றுநோயாளிகளுக்கான நிதி என்று மூன்று இருக்கின்றன. பிரதமர் நிதிக்கு எம்.பி. அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி அனுப்புவது வழக்கம். பணம் மருத்துவமனைக்கே போகும், முழுச் செலவும் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மருத்துவமனை எஸ்டிமேட், வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் நகல் கேட்பார்கள். செலவு செய்துவிட்டுப் பில்லை அனுப்பிப் பணம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது, சிகிச்சை தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ், இ-சேவை மையம் என்று அலைய ஆள் வேண்டும். சுகமில்லாதவரையும் அவர் மனைவியையும் இதற்காக மலையிலிருந்து இறக்காதீர்கள். காகித வேலை உங்களுக்குக் கைவந்த கலை. இருபது லட்சத்தைவிட இது பெரிய உதவி என்று சொன்னால் மிகை இல்லை.

இணையத்தில் நிதி திரட்டுவது தவறில்லை. ஆனால் நண்பரும் அவர் மனைவியும் சம்மதிக்காமல் ஒரு படம்கூடப் போடாதீர்கள். கட்டுப் போட்ட முகத்தோடு அப்பாவின் படம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால் அந்தப் பிளஸ் டூ பெண் எப்படிப் பள்ளிக்கூடம் போவாள்? கட்டணம் எவ்வளவு பிடிக்கிறார்கள், 'டிப்ஸ்' என்று தானாக எவ்வளவு சேர்க்கிறார்கள், பணம் மருத்துவமனைக்கு நேரே போகுமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுக்கவே வேண்டாம். எத்தனை நல்லவராக இருந்தாலும் பேச்சு வரும். என்னைக் கேட்டால் கல்லூரிக் கூட்டாளிகள் இருபது பேர் மாதம் ஆயிரம் ரூபாய் போடுவது, ஊரெல்லாம் தெரிய ஒரு தடவை வசூல் செய்வதைவிட நிம்மதியானது.

நண்பரிடம் பழைய எல்.ஐ.சி. பாலிசி ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். அதன் மேல் கடன் எடுக்கலாம். பிரீமியம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம். வேன் கடனோடு சேர்த்து இன்சூரன்ஸ் போட்டிருந்தால் அந்தப் பத்திரத்தையும் தேடி எடுத்து வையுங்கள்.

ஊசிக்கு வெளியே உள்ள செலவு

மருந்து விலையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். ஒரு குடும்பத்தைச் சத்தமில்லாமல் சாய்ப்பது மற்ற செலவுகள்தான். வேன் நின்றுவிட்டது, ஆனால் தவணை நிற்காது. மே மாதக் கோடை விழா சீசன்தான் ஏற்காட்டு ஓட்டுநர்களுக்கு வருடத்தின் முக்கிய வருமானம். அந்த நேரத்தில் அவரால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. நம்பகமான ஒரு ஓட்டுநரைப் பிடித்து வேனைத் தினக் கணக்கில் ஓட விட முடியுமா, இல்லை நல்ல விலைக்கு விற்றுக் கடனை அடைப்பதே மேலா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுங்கள். முதலில் கடன் கொடுத்தவரிடம் போய், மருத்துவச் சான்றைக் காட்டித் தவணையைத் தள்ளி வைக்கக் கேளுங்கள். தவணை தவறிய பிறகு போனால் பேச்சே வேறு.

சிகிச்சை நாட்களில் கீழே இறங்கி ஏறுவது இன்னொரு பாடு. கீமோ முடித்த கையோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் ஏறினால் உடம்பு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு நாள் உங்கள் வீட்டு முன் அறையில் தங்கட்டும். சென்னை போக வேண்டி வந்தால் ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் ரயில்வே படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சேலம் ஜங்ஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் படிப்பு. மகள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், கல்லூரி சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். நண்பர் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. பதியவில்லை என்றால் இப்போதே பதியுங்கள், 60 வயதுவரை பதியலாம்.

வலிக்கான சிகிச்சையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அது இன்றே தொடங்க வேண்டியது. வலி நிவாரண ஆதரவு சிகிச்சை என்றால் "கைவிட்டுட்டாங்க" என்று நம் ஊரில் ஓர் எண்ணம். அப்படி இல்லை. வாய்ப் புற்றில் வலி, விழுங்க முடியாமை, புண்ணில் நாற்றம், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது. மார்ஃபின் மாத்திரை உட்பட எதுவும் உங்களைக் கடனாளி ஆக்காது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இந்தக் கவனிப்பைத் தருகிறார்கள். ஏற்காட்டு அரசு மருத்துவமனையில் பேரைக் கொடுத்து வையுங்கள்.

அவர் ஏன் போனை எடுப்பதில்லை

உங்கள் நண்பர் "கடன் வாங்காதடா" என்று சொன்னதை நீங்கள் தன்மானம் என்று எடுத்துக்கொண்டீர்கள். இருக்கலாம். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டும் இருக்கலாம். ஊசி யாருக்கு? அவருக்கு. அவர் உடம்பில் எது ஏற வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை அவருடையது. உங்கள் கடிதத்தில் அவர் விருப்பம் என்ன என்று ஒரு வரிகூட இல்லை.

நிதி, எஸ்டிமேட் என்று ஒன்றும் பேசாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போங்கள். "டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாருடா?" என்று மட்டும் கேளுங்கள். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது அதிலேயே வெளிப்படும். மறைக்கச் சொல்லி வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தால், பொய் சொல்லாதீர்கள், நீங்களாக முந்திக்கொண்டும் சொல்லாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரே கேட்க உட்கார்த்தி வையுங்கள். அப்புறம் குறைந்த அளவு வழியைப் பற்றிச் சொல்லுங்கள். கடன் வாங்க வேண்டியதில்லை என்று தெரிந்தால் அவர் பதில் மாறலாம். மாறாவிட்டால், வேண்டாம் என்பதும் ஒரு பதில்தான். அதற்காக அவரோடு சண்டை போடாதீர்கள்.

போகும்போது பிளாக் கேட்டு எழுதிய கடிதத்தையும் கையோடு கொண்டு போங்கள்; அதில் அவர் கையெழுத்து வேண்டும். அவருடைய ஆதார் நகல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் திங்கட்கிழமை நோயியல் பிரிவில் கொடுத்துவிடலாம்.